உப்பில்லாத தூக்கு

சுனாமிக்கு முந்தின வருசம் கருணாகரனுக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஆபரேசன் செய்வதே நல்லது என்றார் டாக்டர். காசிமேட்டில் புயலுக்கே அசராத போட் டிரைவர், கத்தி என்றதும் வெலவெலத்துப் போனான். பெண்டாட்டி கன்னியம்மாதான் டாக்டரிடம் மன்றாடினாள். சரி, மாத்திரை, தினம் நடை, உப்பும் எண்ணெயும் குறையட்டும். மழைக்காலம் முடிந்து பார்ப்போம், அடைப்பு கூடியிருந்தால் ஆபரேசன்தான் என்று அவர் அரைமனதாய் ஒத்துக்கொண்டார். வெளியில் வந்ததும் கருணாகரன் ஊரெல்லாம் கேஸ் தொந்தரவு என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கருவாடு பொரியவில்லை. புருசன் ஏங்கக் கூடாதென்று கன்னியம்மாவும் அதே சப்பென்ற சோற்றைத் தின்றாள். மீன் விற்கிற பொம்பளை நாக்கில் உப்பு உறைப்பு படாமல் கிடப்பது லேசா? கிடந்தாள். கடலை விட்டுத் துறைமுகத்தில் வலை பின்னப் போனவனுக்குத் தினமும் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்தாள். தூக்கு வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வரும். உயிர்மேல் இத்தனை ஆசையா என்று உருகிப் போவாள், பாவி.

மழை விட்டது. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முதல்நாள், மீன் வறுவல் கடை சிலுவையம்மாள் ஏலக்கூடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கைக்குத் தங்க வளையல் போடணும்மே. நீ குடுத்தனுப்புற உப்பில்லாத சோத்துல என் பிரசரே எறங்கிப் போச்சி. அண்ணாத்தயும் தெனம் கொண்டாந்து குடுத்துட்டு, நம்ம கடையில ரெண்டு துண்டு வஞ்சிரம் துன்னுட்டுப் போவுது."

கன்னியம்மா கையை உருவிக்கொண்டாள். அவளோடு கள்ளத் தொடுப்பு என்றால்கூடக் கத்தித் தீர்த்திருப்பாள். ராத்திரி அவள் எதிரில் உட்கார்ந்து, அவளும் அந்தச் சோற்றையே தின்பதைப் பார்த்துக்கொண்டே, முகம் சுளிக்காமல் கஞ்சி குடித்தானே, அந்த நடிப்பைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் அவள்தான் ஏமாளி. வீட்டுக்கு வந்தும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் டெஸ்ட் எடுத்துப் பார்த்த டாக்டர், அடைப்பு கூடிவிட்டதே, சாப்பாடு ஒழுங்காக இருந்ததா என்று கேட்டார். கருணாகரன் பெண்டாட்டியை முழங்கையால் இடித்தான். இன்னும் கொஞ்ச நாள் தவணை கேளு என்று அர்த்தம். எப்போதும்போல் காப்பாற்றிவிடுவாள் என்ற தைரியம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது.

"நான் ஒழுங்காத்தான் ஆக்கிக் குடுத்தேன் டாக்டர்," என்றாள் கன்னியம்மா. "சிலுவையம்மாளுக்கு நல்லாக் கீது. இவருக்கு அறுத்துடுங்க."