எங்கள் கம்பெனி ஆள் இல்லை

அவர் பெயர் ஸ்டோயன். பல்கேரியாக்காரர். எங்கள் வாயில் அது சென்றாயன் என்று ஆகிவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஊருக்கு நாலு சென்றாயன் இருக்கிறார்கள், இவர் ஐந்தாவது. கூப்பிட்டால் "என்னங்க?" என்று சிரித்துக்கொண்டே திரும்புவார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். ஓசூர் சிப்காட்டில் சௌந்தரராஜன் சார் புதிதாக ஆரம்பித்த கியர் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். வாடகை ஷெட், எண்ணிப் பார்த்தால் இருபது பேர்கூடத் தேறாது. பல்கேரியாவில் மூடிப்போன ஒரு ஃபேக்டரியிலிருந்து பழைய கிரைண்டிங் மெஷின் ஒன்றை சார் வாங்கி இறக்கினார். அதை ஓட்டத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. பெங்களூர் ஏஜென்ட் நாராயணப்பன், அதே ஃபேக்டரியில் அதே மெஷினோடு இருந்த ஸ்டோயனைப் பிடித்து வந்தான்.

ஆனால் அவர் எங்கள் கம்பெனியில் சேரவில்லை. ஏஜென்ட்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஏஜென்ட் அவரை எங்களிடம் அனுப்பிவைத்தான். "விசா கிசா எல்லாம் அவங்க பாடு. நமக்குத் தலைவலி இல்லை" என்று சார் பெருமையாகச் சொல்வார். வந்து இறங்கிய அன்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை நாராயணப்பன் வாங்கி வைத்துக்கொண்டான்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், அவர் ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உடைந்த இங்கிலீஷில் பேசினார். ஸ்டோயன் மனைவி ராட்காவுக்குத் தலையில் கட்டி. ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். அதற்குள் அவர் வந்தாக வேண்டும். நான் ஷெட்டுக்கு ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பேசி முடித்து ரிசீவரை வைத்தார்.

நேராக சாரிடம் போனார். சார் சொன்னது எனக்கு வெளியே கேட்டது. "நீங்க என் எம்ப்ளாயி இல்லையே, ஸ்டோயன். நான் எப்படி லீவு கொடுக்கிறது? ஏஜென்ட்டைக் கேளுங்க."

ஏஜென்ட்டுக்கு நானே லைன் போட்டுக் கொடுத்தேன். "கம்பெனி விட்டாத்தான் நான் பாஸ்போர்ட் தர முடியும்" என்றான் நாராயணப்பன். மறுநாளும் அதே கதை. சார் ஏஜென்ட்டைக் கை காட்டினார், ஏஜென்ட் சாரைக் கை காட்டினான். நடுவில் அந்த மனுஷர் சாப்பிடாமல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் சார் என்னிடம் நாராயணப்பனுக்கு லைன் கேட்டார். போட்டேன். நான் ரிசீவரை வைப்பதற்குள் சார் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பாஸ்போர்ட்டை இப்ப கொடுத்துடாதீங்க. ஆர்டர் கொடுக்கற புனாக்காரங்க வந்து மெஷின் ஓடறதைப் பார்த்துட்டுப் போகட்டும். எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

நாராயணப்பன் சிரித்தான். "அவங்க ஊர்ல டாக்டருங்க இல்லையா என்ன?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கே ஒருத்தி தலையைக் கிழிக்கக் கொடுத்துவிட்டுப் புருஷனை எதிர்பார்த்துக் கிடக்கிறாள். இங்கே இரண்டு பேர் சிரிக்கிறார்கள். டெலிபோன் போர்டை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். அவரோடு மெஷினில் நின்று வேலையை ஓரளவு பழகியிருந்த நசீருதீன் பாயும் இருந்தார். கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

ஸ்டோயன் கத்தவில்லை. மெயினை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

சார் ஓடிவந்தார். "என்ன இது? நாளைக்குப் புனாக்காரங்க வர்றாங்க. எழுந்திருங்க!"

"நான் உங்க ஆள் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் ஸ்டோயன், இங்கிலீஷில். "அப்புறம் என்னை வேலை செய்யச் சொல்ல நீங்க யாரு?"

சார் பாய் பக்கம் திரும்பினார். "நசீர், நீ ஓட்டு."

"ஓட்டத் தெரியும் சார்" என்றார் பாய். "ஆனா ஓட்ட மாட்டேன். அவரு சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடக்குது. நானும் குடும்பஸ்தன்."

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். சாருக்கு முகம் சிவந்தது. "வெளிநாட்டுக்காரன் வந்து இங்க ஸ்டிரைக் பண்றானா? வஜிஹா, போலீசுக்குப் போன் போடு!"

"போடறேன் சார்" என்றேன். "அடுத்தவங்க பாஸ்போர்ட்டை யாரு வச்சிருக்காங்க, யாரு சொல்லி வச்சிருக்காங்கன்னு அவங்களே வந்து கேக்கட்டும். எனக்குத் தெரிஞ்சதை நானும் சொல்றேன்."

சார் என்னை முறைத்தார். போலீஸ் பேச்சை விட்டுவிட்டு நாராயணப்பனுக்கு லைன் கேட்டார்.

சாயங்காலம் அத்திப்பள்ளி தாண்டி நாராயணப்பன் கார் வந்தது. பாஸ்போர்ட்டை என் மேஜைமேல் விட்டெறிந்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சாரின் அறைக்குள் போனான். நசீருதீன் பாய் ஸ்டோயனைப் பெங்களூர் ஏர்போர்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். கிளம்பும்போது ஸ்டோயன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். அவர் பாஷை. எனக்குப் புரியவில்லை, கண்ணீர்தான் வந்தது.

அவர் போய்ச் சேருவதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. ராட்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் பார்வை போய்விட்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பூராவும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதை அவர்தான் போனில் சொன்னார். முதல் நாளே விட்டிருந்தால் அவள் இவர் முகத்தைப் பார்த்திருப்பாள்.

அடுத்த மாதம் சார் என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல். "இனிமே ஆபரேட்டர், வாட்ச்மேன், ஹெல்பர் எல்லாரும் நாராயணப்பன் ஏஜென்சி மூலமாத்தான். வேலை இதேதான், சீட்டும் இதேதான். கையெழுத்து மட்டும் போட்டுடு."

"நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது சார்?"

அவர் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வீட்டுக்குப் போக உத்தனப்பள்ளி பஸ் ஏறினேன். மறுவாரம் இன்னொரு கம்பெனியில் வேலை கேட்டுப் போனேன். அங்கேயும், "ஏஜென்ட் மூலமா வந்தீங்கன்னா உடனே சேர்த்துக்கறோம்" என்றார்கள்.