கடுகண்ணாவையைத் தாண்டாத யசோதா

மூன்று வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த யசோதா வழியிலுள்ள கடுகண்ணாவைப் பாறையருகில் காணாமல் போய், அதே நிமிடத்தில் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் தன் இரண்டு பெட்டிகளோடு நின்றாள். அன்று சந்தையில் போஞ்சி கிலோ நானூற்று இருபது ரூபாய். லீக்ஸ் கொஞ்சம் மலிவு. பஸ் தன் பாட்டில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் தள்ளி வசதியாக உட்கார்ந்துகொண்டதாகக் கேள்வி.

யசோதா கண்டி கட்டுக்கலைப் பெரியதம்பியின் ஒரே மகள். பெரியதம்பி மாநகர சபையில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு தனியாள். மகள் பதின்மூன்று வருடமாக ஒரு வெளிநாட்டில் இருந்தாள். அந்த நாட்டின் பெயர் எதற்கு, பனி பெய்யும் நாடு என்றால் போதும். அங்கே திலக்ஷனைக் கட்டி, கஜலட்சுமி என்று ஒரு மகளைப் பெற்று, அந்த நாட்டுப் பிரஜையாகி, இங்குள்ள பிரஜாவுரிமையையும் விடாமல் முறைப்படி வைத்திருந்தாள். ஆக, கைப்பையில் இரண்டு பாஸ்போட். அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுக்க மூன்று வாரம் லீவில் வந்தவள், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டு கிடப்பதைப் பார்த்து, நம்மூர்க்காரர் வரிசையில் நுழைந்து இலங்கைப் பாஸ்போட்டை நீட்டினாள். நாலு நிமிடத்தில் வெளியே. இரண்டு பாஸ்போட்காரர் எல்லாரும் செய்கிற கெட்டித்தனம்தான் அது.

லீவு முடிந்து விமானம் பிடிக்க வேண்டியவள், புதன்கிழமை ரயிலில் போனாள். பாறை வந்தது, அவள் குட்ஷெட்டில் நின்றாள். வேன் பிடித்து ஹேவாஹெட்ட வழியாகச் சுற்றிப் போனாள். மலை உச்சியில் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பையோடு குட்ஷெட்டுக்கு வந்து சேர்ந்தாள். வீட்டை விட்டு இறங்கும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்வதால்தான் வந்துவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக் கணேஸ் கண்டுபிடித்தார். அடுத்த தடவை வெறுமனே "போறேன்" என்றாள். அரை மணி முந்தியே திரும்பிவிட்டாள். ஐந்தாம் தடவையிலிருந்து ஆட்டோக்கார நஸீப் பஸ் நிலையத்திலேயே காத்திருந்து, "இன்டைக்கி கொஞ்சம் லேட் மிஸ்" என்று பெட்டியை வாங்கி ஏற்றினார்.

ஊருக்கு இது வேடிக்கை. யசோதாவுக்கு அப்படியில்லை. ஏழு வயது மகள் கஜிக்கு இதயத்தில் ஒரு துவாரம். செப்டெம்பர் இருபத்தைந்தாந் திகதி அதை அடைக்க நாள் குறித்திருந்தார்கள். அம்மா வராமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற மாட்டேன் என்று பிள்ளை போனில் ஒற்றைக் காலில் நின்றது. யசோதா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சத்தம் பெரியதம்பிக்குக் கேட்டது.

அரசாங்கக் கந்தோரில் ஒரு நல்ல மனிதர் தேத்தண்ணி கொடுத்து, கோப்புகளைப் புரட்டி, வெளிநாட்டுப் பாஸ்போட் உள்ளவரின் பிரச்சினையை அவருடைய தூதரகம்தான் பார்க்க வேண்டும் என்றார். தூதரகத்தில் போனை எடுத்தவள் ருஷ்தா. அக்குறணைப் பெண், கொன்சியுலர் பிரிவில் உதவியாளர். முழுக்கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். மாயமந்திரம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எந்தப் பாஸ்போட்ல உள்ளுக்கு வந்தீங்க மிஸ்?"

யசோதா சொன்னாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்ப இந்த மண்ணுல நீங்க இலங்கைட ஆள். அவங்கட ஆள அவங்க வச்சிக்கிட்டா, நாங்க கேக்க ஏலாது. லோயர்மார்ட லிஸ்ட் அனுப்பலாம். ஊட்டுக்குச் செய்தி சொல்லலாம். வந்து பாத்துட்டுப் போகலாம். அதுக்கு மேல ஏலா."

சொன்னபடியே லிஸ்ட் வந்தது. அதிலிருந்த பதினொரு சட்டத்தரணிகளில் ஒருவருக்கும் பாறைமேல் வழக்குப் போடத் தெரியவில்லை. பதினோராவது தடவையாக யசோதா குட்ஷெட்டுக்குத் திரும்பிய வாரம், ருஷ்தா தூதரகக் காரில் பார்க்க வந்தாள். பிஸ்கட் பெட்டியும், சுகநலம் விசாரிக்கும் படிவமும் கொண்டுவந்தாள். சாப்பாடு ஒழுங்கா, நித்திரை ஒழுங்கா என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அவளும் தாய்தான், கஜியின் படத்தைப் பார்த்ததும் பேனையை மூடிவிட்டாள்.

"நான் ஒங்க நாட்டாளா மட்டும் இருந்தா?" என்று யசோதா கேட்டாள்.

ருஷ்தா படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "அத நீங்க செய்ங்கண்டு சொல்ல எனக்கு ஏலாது மிஸ். ஆனா அப்படீண்டா, நாங்க ஒங்களோடயே வருவோம்."

யசோதா கந்தோரில் கேட்டிருந்த, இலங்கைப் பிரஜாவுரிமையைத் துறக்கும் படிவம் இரண்டு நாளில் வந்து மேசையில் கிடந்தது. யசோதா அதைத் தொடவில்லை. காரணம், எதிரே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த இன்னொரு கடதாசி. பெரியதம்பியின் அப்பா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கான் என்கிற வடிகால் வெட்டியவர். இந்த நாடு அவரை இந்தியாக்காரர் என்றது. இந்தியா அவரைத் தெரியாது என்றது. ஒரு பிரஜாவுரிமைக் கடதாசிக்காக நாற்பது வருடம் காத்திருந்து, கிடைக்காமலே தோட்டத்து லய வீட்டில் கண்ணை மூடினார். மகன் பெரியதம்பிக்கு முப்பத்து நாலு வயதில் அது கிடைத்தது. அதன் பிறகுதான் அவருக்கு மாநகர சபை வேலை. அன்றைக்கு வாங்கிய கடதாசியைத்தான் பெரியதம்பி சாமிப் படங்களுக்கு நடுவே தொங்கவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுவார்.

மூன்றாம் நாள் அவரே படிவத்தை எடுத்துவந்து மகளின் முன்னால் விரித்தார். கண்ணில் இன்னும் பச்சைத் துணி கட்டியிருந்தது.

"எங்கப்பாவ ரெண்டு நாடும் வேணான்னுச்சு. ஒன்ன ரெண்டு நாடும் எனக்கு ஒனக்குன்னு இழுக்குது. நீ பெரிய ஆளுதான் தாயி. போடு கையெழுத்த. புள்ள காத்துக்கிட்டு இருக்கு."

"அப்பா, தாத்தா..."

"தாத்தா இருந்தா எனக்கு முந்தி பேனையக் குடுத்திருப்பாரு."

கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அப்பாவும் மகளும் ஒளிக்காமல், சத்தம் போட்டு அழுதார்கள். கணேஸ் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கடதாசி முத்திரை குத்தப்பட்டு எட்டே நாளில் திரும்பி வந்தது. இந்தக் கதையில் கண்டிச் சனம் இன்றைக்கும் நம்ப மறுப்பது இந்த ஒன்றைத்தான்.

தூதரகக் கார் வந்தது. கடுகண்ணாவை நெருங்கியதும் ருஷ்தா பிஸ்மில்லாஹ் சொல்லி யசோதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். யசோதா முருகனைக் கூப்பிட்டாள். பாறை வந்தது, போனது. அவ்வளவுதான். குட்ஷெட்டில் நஸீப் இருட்டும்வரை காத்திருந்துவிட்டு, பெரியதம்பிக்குப் போன் எடுத்து, "ஐயா, மிஸ் வரல்ல" என்றார். இதைவிட நல்ல செய்தி அந்த வீட்டுக்கு அந்த வருடம் வரவில்லை. இருபத்தைந்தாந் திகதி கஜி அம்மாவின் விரலைப் பிடித்தபடி கட்டிலில் ஏறினாள். துவாரம் அடைபட்டது.

இப்போது யசோதா வருடம் ஒரு தடவை, முப்பது நாள் விசாவில், கஜியையும் கூட்டிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருகிறாள். கண்டி அவளை அந்நிய நாட்டுக்காரி என்று எழுதிக்கொண்டது போலிருக்கிறது. முப்பதாவது நாள் பின்னேரம் நாலரைக்கு, சமைத்துக்கொண்டிருந்தாலும் சரி, தலை துவட்டிக்கொண்டிருந்தாலும் சரி, தாயும் மகளும் கடுகண்ணாவைக்கு அந்தப் பக்கம், வீதியோரத்தில் நிற்பார்கள். முதல் வருடம் வெறுங்காலோடு போய்விட்டார்கள். ஒரு நாளாவது கூட்டித் தரக் கேட்டுப் பாரம்மா என்று பெரியதம்பி ருஷ்தாவுக்குப் போன் எடுத்தார். அது இலங்கைச் சட்டம், அதில் தூதரகம் தலையிட ஏலாது என்று அவள் அழாக்குறையாகச் சொன்னாள். அவரும் பிறகு கேட்கவில்லை. முப்பதாவது நாள் நாலு மணிக்கே இருவரையும் செருப்புப் போடச் சொல்லி, பெட்டியைக் கையில் கொடுத்து, எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வேண்டுமென்றே ஏதாவது நீளமான கதையைத் தொடங்குவார். நாலரைக்கு எதிரே ஆள் இருக்காது. மிச்சக் கதையை அவர் போனில் சொல்லி முடிப்பார்.