கலங்கிய பாட்டில்

1988இல் அமெரிக்காவிலிருந்து வந்த பழனிவேல், அக்கா கணவர் அரங்கநாதனுக்காக ஒரே ஒரு பீர் பாட்டில் கொண்டுவந்தான். அங்கே ஒரு சிறிய ஆலையில் பெல்ஜியம் பாணியில் காய்ச்சிய, பேல் ஏல் என்னும் வகைப் பீர் அது. பெரம்பலூர் பஸ்ஸில் குலுங்கிக் கலங்கிப்போயிருந்தது.

“கெட்டுப்போச்சு மாமா. கீழ ஊத்திடறேன்.”

“வுடுறா! அது ஈஸ்ட்டு. மூடறப்ப கொஞ்சம் சக்கரை போடுவாங்க. அதைத் தின்னு உள்ளயே கேஸ் உண்டாக்கும். அப்புறம் அடியில படியும்.”

பாட்டிலைப் பானைத் தண்ணீரில் நிமிர்த்தி வைத்தார். மறுநாள் தெளிந்திருந்தது. அக்கா மலர்கொடி இரண்டு டம்ளருடன் வந்தாள்.

“நுரை வர ஆத்தித் தரட்டுங்களா?”

“ஆத்தினா கேஸெல்லாம் போயிடும் தாயி!”

மெல்லச் சரித்து ஊற்றி, வண்டலைப் பாட்டிலிலேயே நிறுத்தினார். பொன்னிறத்தின் மேல் நுரை எழுந்தது. ஆரஞ்சுத்தோல் மணம், கிராம்பின் காரம், முடிவில் சுத்தமான கசப்பு.

பழனிவேல் டம்ளரைக் காலி செய்துவிட்டுச் சிரித்தான்.

“அங்க குடிச்சப்பகூட இவ்வளவு நல்லால்ல மாமா!”