முதலில் சிரித்தவள்

மகள் அறைக்குள் வந்தால் மங்கையர்க்கரசியின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். இரண்டு வருஷமாக அப்படித்தான். உடம்பு நேராக இருக்கும். முகம் மட்டும் தோளுக்கு மேலே போய்ச் சுவரைப் பார்த்து நிற்கும். மகள் போனதும் திரும்பி வந்துவிடும்.

மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. பக்கவாட்டில் தோசை சுடவும், பார்க்காமலே ரசம் தாளிக்கவும் பழகிவிட்டாள். கணவர் சங்கரபாண்டி இதைப் பெரிதுபடுத்தவில்லை. வீட்டுச் சுவர்களுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்.

"பாக்குததுதான் பாக்குத. நல்ல கலராப் பாரு" என்றார்.

எலும்பு டாக்டர் கழுத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகினார். "கழுத்துல ஒண்ணுமில்ல. வெக்கம் அடைச்சிருக்கு" என்றார். மாத்திரை எழுதவில்லை. ஒரு சீட்டில் ஆலோசனை மையம் ஒன்றின் முகவரியை எழுதினார். மூன்றாவது மாடி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான் இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டாள்.

"நீங்க ஏறுங்க. அது வந்துரும்" என்றார்.

ஏறினாள். வந்தது.

வரவேற்பு மேஜையில் பேச்சியம்மாள் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

"அதுக்கு ஒரு பாரம் இருக்கு."

பாரத்தில் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் யார்? மங்கையர்க்கரசி நிறுத்தாமல் எழுதினாள். முதுகலைத் தமிழாசிரியை. இலக்கிய மன்றப் பொறுப்பாளர். பட்டிமன்ற நடுவர். பேச்சியம்மாள் வாங்கிப் படித்துவிட்டு, அழிரப்பரால் எல்லாவற்றையும் அழித்தார்.

"இது உடுத்தியிருக்கிற சேலை. ஆளை எழுதுங்க."

வெகு நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வெறும் தாளைத் தயக்கத்தோடு நீட்டினாள். "இது சரி" என்று பேச்சியம்மாள் முத்திரை குத்தினார்.

"அறிவுரை ஏதும் கொண்டு வந்திருந்தா இங்க வெச்சிருங்க. உள்ள விட மாட்டாவ."

மங்கையர்க்கரசி கைப்பையைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள். நாக்கை மடிச்சுப் பேசிப் பழகு. கூழாங்கல்லை வாயில போட்டுக்கிட்டு வாசி. மூச்சை அடக்கு. மத்த பிள்ளைகளைப் பாரு. நாலு பேர் என்ன நினைப்பாங்க. எல்லாம் கசங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பேச்சியம்மாள் தராசில் போட்டார். மூன்று கிலோ இருநூறு.

"யாருக்குக் குடுத்தது?"

"மகளுக்கு."

"வாங்கிக்கிட்டாளா?"

"திருப்பித் தரல."

பேச்சியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அள்ளி அலமாரியில் வைத்தார். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. "இது உள்ள இருக்கிற மேடத்தோடது. அவங்களும் காலையில இங்க வெச்சிட்டுத்தான் போவாங்க" என்றார்.

தாழ்வாரம் அவள் நடக்க நடக்க நீண்டது. திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். திரும்பும் வழியும் அதே அளவு நீண்டுவிட்டிருந்தது. எப்படியும் நடக்கத்தான் வேண்டும் என்றால் முன்னாலேயே நடப்போம் என்று நடந்தாள்.

அறையில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். இரண்டும் ஒரே உயரம். மேஜை இல்லை. ஏறி நிற்கப் பெஞ்சும் இல்லை. மங்கையர்க்கரசிக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஏறி நிற்கத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

ஆலோசகர் சின்னப் பெண். முப்பது முப்பத்திரண்டு இருக்கும். தலையில் வெளிர்நீல முக்காடு. எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

"நான் ஜுனைதா. உக்காருங்க. ஐம்பது நிமிஷம் இருக்கு, அது உங்களுக்கானது. எதைப் பேசணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இங்க பேசுதது வெளிய போகாது. யார் உயிருக்காவது ஆபத்துன்னாத்தான் போகும். அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்."

"நீங்க கேள்வி கேளுங்க மேடம்."

"கேள்வி எதுவும் கொண்டு வரலயே."

"அப்ப எப்படித் தொடங்குதது?"

"எங்க தொடங்குததுன்னு தெரியாம இருக்கீங்க."

"அதைத்தானே நான் சொன்னேன்."

"ஆமா. கேட்டேன்."

மங்கையர்க்கரசி சேலைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருக்காங்க" என்று ஆரம்பித்தாள். "அவங்களுக்கு ஒரு பிரச்சினை."

ஜுனைதாவின் நாற்காலி பத்தடி பின்னால் போயிற்று. சத்தமில்லாமல் போயிற்று. பின்சுவரும் இடம் விட்டுக் கொடுத்தது. ஜுனைதா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை.

"கேக்குது. சொல்லுங்க" என்றாள்.

மங்கையர்க்கரசிக்கு முகம் சுட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு விதமாகத் தொடங்கினாள்.

"என் மகளுக்குத் திக்குவாய். இளவேனில்னு பேரு. பதினாறு வயசு. அவளைத்தான் சரி பண்ணணும். எனக்கு ஒண்ணுமில்ல."

நாற்காலி இன்னும் பின்னால் போயிற்று. இப்போது நடுவில் ஒரு சாலையும் பேருந்து நிறுத்தமும் இருந்தன. நிறுத்தத்தில் ஓர் ஆடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. சன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் மங்கையர்க்கரசியைப் பார்த்தார்கள். நடத்துநர் எழுந்து, "இது ரகசியம், எல்லாரும் காதைப் பொத்துங்க" என்றார். பொத்திக்கொண்டார்கள். விசில் அடித்தார். பஸ் போயிற்று.

தூரத்தில் ஜுனைதா ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்தாள்.

"நான் என்ன செய்யணும்?" என்று மங்கையர்க்கரசி கத்தினாள்.

"என்ன செய்யணும்னு யாராவது சொல்லிட்டா நல்லா இருக்கும்னு தோணுது உங்களுக்கு" என்று புள்ளி கத்தியது.

"அதுக்குத்தானே வந்தேன்!"

"அது என்கிட்ட இல்ல. ஆனா நான் இங்கேயே இருக்கேன்."

ஆடு நிமிர்ந்து பார்த்தது. மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள். பேசுவதுதான் அவள் தொழில். மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் தாள் பார்க்காமல் பேசுவாள். இப்போது ஒரு சொல்லும் அகப்படவில்லை. ஜுனைதா அவசரப்படுத்தவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை. 

"ஆண்டு விழா" என்றாள் கடைசியில். குரல் சின்னதாக வந்தது. ஆடு எழுந்து போய்விட்டது.

"அப்ப அவ ஒன்பதாம் வகுப்பு. எங்க ஸ்கூல்லதான். வரவேற்புரை அவ பேசட்டும்னு நான்தான் பேரு குடுத்தேன். நான்தான் எழுதினேன். அவளுக்கு 'வ' வராது. நிக்கும். 'அம்மா, வ இல்லாம எழுதிக் குடும்மா'ன்னு கேட்டா. வரவேற்புரையில வ இல்லாம எப்படின்னு கேட்டேன்."

நாற்காலி கொஞ்சம் முன்னால் வந்தது. பேருந்து நிறுத்தம் மடிந்து சுருங்கி ஒரு கோடாயிற்று.

"மேடையில ஏறினா. முதல் சொல்லே வருக. அதுலயே நின்னுட்டா. வாய் திறந்தபடி இருக்கு. கழுத்து நரம்பு புடைக்குது. நாப்பது செகண்டு இருக்கும். நான் முன்வரிசையில, ஹெச்செம் பக்கத்துல. ஹெச்செம் திரும்பி என்னைப் பார்த்தாங்க. இவ உங்க பொண்ணுதானேங்கிற மாதிரி. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

நாற்காலி மூன்றடி தூரத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

"எல்லாரும் சிரிச்சப்போ நீங்களும் சிரிச்சீங்க" என்றாள் ஜுனைதா மெதுவாக.

மங்கையர்க்கரசி தரையைப் பார்த்தாள். சிவப்புத் தரை. அதில் அவள் செருப்பு இல்லாத கால்கள் வயதானவளுடையதைப் போல் இருந்தன.

"இல்ல" என்றாள். "முதல்ல சிரிச்சது நான். ஹாலே அமைதியா இருந்துச்சு. நான் சிரிச்ச பிறகுதான் அறுநூறு பேரும் சிரிச்சாங்க. யார் தொடங்கினதுன்னு யாருக்கும் தெரியாது. மேடையில இருந்து அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். அவ என்னையத்தான் பார்த்துக்கிட்டு நின்னா."

இரண்டு நாற்காலிகளும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி நின்றன.

"திட்டுங்க மேடம்."

ஜுனைதா திட்டவில்லை.

"பரவாயில்லன்னாவது சொல்லுங்க."

அதையும் சொல்லவில்லை. ஜுனைதாவின் கண் நிறைந்திருந்தது. துடைக்கவில்லை. "இதைக் கேக்க எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள். "நீங்க இதைத் தனியா ரெண்டு வருஷம் வெச்சிருந்திருக்கீங்க."

"எனக்கு எத்தனை மார்க்?"

"இங்க மார்க் போடுததில்ல."

மங்கையர்க்கரசி அழுதாள். அசிங்கமாக அழுதாள். மூக்கு ஒழுகியது. மாணவிகள் யாரும் பார்க்காத அழுகை. அறை அந்த அழுகையின் அளவுக்குச் சுருங்கி, அவர்கள் இருவரையும் இரண்டு நாற்காலிகளையும் மட்டும் வைத்துக்கொண்டது.

ஐம்பது நிமிஷம் முடிந்தது. அதை ஜுனைதாதான் சொன்னாள். அடுத்த செவ்வாய் வருவதும் வராததும் உங்கள் விருப்பம் என்றும் சொன்னாள். கழுத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை என்பது மங்கையர்க்கரசிக்குப் படியிறங்கும்போதுதான் நினைவு வந்தது.

வீட்டில் இளவேனில் அடுப்படியில் ஸ்டூல் போட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் பேசுவாள். திக்கித் திக்கியாவது பேசுவாள். அம்மாவிடம் ஆண்டு விழாவுக்குப் பிறகு ஒரு சொல் பேசியதில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவாள். அன்றைக்கு, 'சட்னிக்குத் தேங்காய் இல்லை' என்று ஒட்டியிருந்தது.

மங்கையர்க்கரசி உள்ளே வந்தாள். முகம் சுவருக்குப் போயிற்று. இளம்பச்சைச் சுவர். அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கு முதல்ல சிரிச்சது நான்தான்."

வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றது.

"உன்னால எனக்குத் தலைகுனிவுன்னு நினைச்சேன். அதான் சிரிச்சேன். நான் உன் பக்கம் இல்லன்னு அவங்களுக்குக் காட்டுததுக்கு. அதுக்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்க என்னால முடியல."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அது மகளிடம் ஒன்றைக் கேட்பதாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"தெ..."

மங்கையர்க்கரசிக்குத் 'தெ'யில் தொடங்கும் சொற்கள் நிறையத் தெரியும். எல்லாம் நாக்கு நுனிக்கு ஓடி வந்து வரிசையாக நின்றன. முன்பெல்லாம் மகளுக்குச் சொல் நின்றால் அவள்தான் எடுத்துக் கொடுத்து முடித்துவைப்பாள். இந்தத் தடவை ஒவ்வொன்றாக விழுங்கினாள். கல்லை விழுங்குவதுபோல் இருந்தது.

"தெ..." என்றாள் இளவேனில்.

சாயங்காலம் சங்கரபாண்டி வந்தார். இருவரையும் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார். "பேசிக்கிட்டு இருக்கீங்களா? சரி, சரி" என்று ஓட்டலுக்குச் சாப்பிடப் போனார். மறுநாள் பால் வந்தது. ஹெச்செம் போன் செய்தார். போன் அடித்து ஓய்ந்தது. அரையாண்டுத் தேர்வு தொடங்கியது. தமிழ் முதல் தாள் அவள் இல்லாமலே நடந்தது. வெளியே மழை பிடித்து, பெய்து, விட்டது. வெங்காயம் முளைவிட்டது.

சொல் 'தெரி' வரை வந்திருந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. இளவேனில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் முகத்துக்கும் பச்சைச் சுவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

மங்கையர்க்கரசியின் முகம் திடுக்கிட்டது. வேறு சுவரைத் தேடியது. அடுப்படியில் இன்னும் மூன்று சுவர்கள் இருந்தன. கழுத்து நடுங்கியது. தாடை ஒருமுறை ஜன்னல் பக்கம் இழுத்தது. அவள் ஸ்லாபைப் பிடித்துக்கொண்டாள். முகம் அங்கேயே நின்றது.

மகளுடைய மேலுதட்டில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. இரண்டு வருஷத்துக்குள் வந்திருக்க வேண்டும்.

இளவேனிலின் வாய் திறந்தபடி இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசிக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்தோடே நின்றாள். இனி வரப்போவது 'தெரியும்' என்பதா, 'தெரியாது' என்பதா என்பது மட்டும்தான் மிச்சம். எதுவாக இருந்தாலும் அது மகள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

பால்காரர் மணியடித்தார். யாரும் போகவில்லை.

இளவேனில் மூச்சை இழுத்தாள்.