ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்

...மீனே இல்லை என்று சொல்லிவிட்டால்தான் என்ன, யார் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள், மேலே படகில் இருக்கிற நாலு பேரும் பிறந்ததிலிருந்து கடலில்தான் கிடக்கிறார்கள், ஆனால் அடிக்குப் போனவன் ரஃபீக் மட்டும்தான், அவன் இப்போது ஐந்து மீட்டர் ஆழத்தில் நங்கூரக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான், ரத்தத்தில் சேர்ந்த காற்று இறங்க மூன்று நிமிடம் இப்படித் தொங்கியாக வேண்டும், ஆயிரத்து இருநூறு பேருக்கு இதைச் சொல்லித்தந்திருக்கிறான், அவனைக் கேட்டால் மூவாயிரம் என்பான். அரசலாறு கொண்டுவந்து கொட்டிய சேற்றில் நீட்டிய கை முழங்கையோடு காணாமல் போகிறது... கீழே ஒன்பது பாக ஆழத்தில், மீன் குடியேறட்டும் என்று போன வருஷம் இறக்கிய சிமெண்டுக் கூடுகளுக்குள் கைவிட்டுத் தடவித்தான் எண்ணினான், ஒன்றில் நாலு களவா மீன், அடுத்ததில் ஆறு, மூன்றாவதில் ஒன்றே ஒன்று, வயிறு நிறைய சினை, கை பட்டதும் ஓடாமல் மெல்ல நகர்ந்து கொடுத்தது.

எப்படி வந்து மாட்டினான் இதில்? திருமலைராயன்பட்டினத்துப் பிள்ளைகள் எல்லாரையும் போல அவனும் ஷார்ஜாவுக்குக் கடை வேலைக்கென்றுதான் போனான், முதலாளி கடையை மூடிவிட்டார், கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் வேலை கிடைத்தது, அங்கே ஒரு சுறா தினம் பத்து மணிக்கு வந்து வேலையை மேற்பார்வை பார்த்தது, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு... இதை ஊரில் நாற்பது தரம் சொல்லியாயிற்று. பிறகு பரீட்சை எழுதி முக்குளிப்புப் பயிற்சியாளர் ஆனான், அந்தமானில் ஒன்பது வருஷம் தேனிலவு ஜோடிகளுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தான், ஒரு கோடையில் பவளம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது, ஜோடிகள் என்ன அழகு என்று படமெடுத்தார்கள், அது சாகிறது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் மிஞ்சியதை எண்ணித் தரச் சொன்னார்கள், எண்ணினான், எண்ணியெண்ணி அதுவே உத்தியோகமாகி ஊருக்கே திரும்பிவிட்டான். அவன் உம்மா ஆஸியா பீவி, பெண் கொடுக்க வந்தவர்களிடம், மகன் மீன்களுக்குச் சென்சஸ் எடுக்கும் சர்க்கார் ஆபீசர் என்றாள், அவனுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு நிமிடம். பஞ்சாயத்தார் ஒரு வருஷம் இங்கே வலை போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள், இன்றோடு கெடு முடிகிறது. இருக்கிறது என்றால் நாளைக்கே சினையோடு அள்ளிவிடுவார்கள், இல்லை என்றால் சிமெண்டில் வலையைக் கிழித்துக்கொள்ள எவன் வருவான்... சொல்லிவிடலாம்தான், ஆனால் அவன் இருப்பதைப் பெரிதாக்கியிருக்கிறானே தவிர, இருப்பதை இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை, அது பொய் அல்லவா? அப்போதுதான் தோன்றியது, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதுமே, அவன் சொல்லி யார் நம்பியிருக்கிறார்கள்?

ஏறினான். பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதி கைகொடுத்துத் தூக்கினார்.

"என்ன தம்பி, யாராச்சும் இருக்காங்களா கீழ?"

"பதினோரு களவா இருக்குண்ணே. ஒண்ணு, பஸ்ஸுல எடம் விடுற மாதிரி நகந்து குடுத்துச்சு."

"டிக்கெட் எடுத்துருந்துச்சான்னு பாத்தியா?" என்றான் படகிலிருந்த மருதையன். சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. சரி, இன்னும் ஒரு வருஷம் சும்மா கிடக்கட்டும், இங்கே ஒன்றும் இல்லை என்று உத்திராபதி சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார். இதற்குத்தானே ஆசைப்பட்டான், நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும், உள்ளங்கையில் மட்டும் அந்த வழுவழுப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது... நிசம்தான் என்றான், இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"அல்லா மேல ஆணையாண்ணே."

சுறாக் கதைக்குக்கூட அவன் ஆணையிட்டதில்லை. சிரிப்பு நின்றது. கேட்காத ஆணையை எதற்கு இட்டோம், ஒரு தரமாவது யாராவது நம்ப வேண்டும் என்று அவ்வளவு ஏக்கமா இருந்தது உள்ளே, என்று ரஃபீக் யோசித்தான். உத்திராபதி கரைப்பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கி, மீன் கிடக்கும் இடத்துக்கு அடையாளம் வைக்கிறவர் போல, கலங்கரை விளக்கத்துக்கு நேரே எந்தப் பனை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.