முழுநாள் ஓட்டிப் பார்த்தவள்

இசக்கிசெல்வியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கெட்டிக்காரி என்று சொல்லி மேனேஜர் அல்தாப் அவளைக் கூட்டிவந்தான். அது ஒன்று போதாதா? மும்பையில் எங்கள் செம்பூர் ஆபீஸில் இருபது வருஷமாக நான்தான் கெட்டிக்காரன். மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் என்றால் யாருக்கும் தெரியாது, வெங்கி சார் என்றால் எழுந்து நிற்பார்கள்.

அவள் தாராவி. அப்பா பூதத்தானுக்குத் தோல் பட்டறையில் தையல் மெஷின் வேலை. இங்கே இவள் ஆறு மாதத் தற்காலிக டெஸ்டர். ஆறாம் மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை அல்தாப் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். அவள் வீட்டில் நிரந்தர வேலை பார்க்கப்போகும் முதல் ஆள் தான்தான் என்று டீ கொண்டுவருகிறவரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தாள்.

நாங்கள் செய்துகொடுத்தது டயாலிசிஸ் மையங்களுக்கான வெப் அப்ளிகேஷன். நர்ஸ் காலையில் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்தால் எல்லா நோயாளிகளின் மெஷின் அளவுகளும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். புதுப் பதிப்பில் நான் விவர அட்டைகளைச் சேர்த்தேன். பெயரைத் தொட்டால் அட்டை விரியும், மூடினால் மறையும். பக்கம் எவ்வளவு மெமரி தின்கிறது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்ப இசக்கிசெல்வி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தந்தாள். அதையும் நானேதான் சொருகினேன். இரண்டும் ஒன்றாகவே தாணே மையத்துக்குப் போயின.

ஒரே வாரத்தில் தாணேயிலிருந்து புகார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பக்கம் அப்படியே நின்றுவிடுகிறதாம். நான் பார்த்தேன், ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? எங்கள் ஆபீஸில் எதைச் சோதித்தாலும் முதலில் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்வோம். பிள்ளையார் சுழி மாதிரி கை தானாகவே போடும். ரிஃப்ரெஷ் செய்ததும் அதுவரை பிடித்துவைத்த மெமரியெல்லாம் விடுபட்டு, பக்கம் புத்தம் புதிதாகிவிடும்.

இசக்கிசெல்வி ரிஃப்ரெஷ் செய்யவில்லை. காலை ஒன்பதுக்குத் திறந்தாள். நாள் முழுக்க நர்ஸ் மாதிரியே அட்டைகளைத் திறந்து திறந்து மூடினாள். காலையில் நூற்றெண்பது எம்பி மெமரி, சாயங்காலம் ஆயிரத்து நானூறு. கிராஃப் ஏறியது, ஒரு தடவைகூட இறங்கவில்லை. இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"எங்கப்பா மெஷின் வாங்கப் போனா ஒரு நிமிஷம் ஓட்டிப் பாத்துட்டு வாங்க மாட்டாவ சார். ஒரு நாள் முழுக்க ஓட்டணும்பாவ. சூடு ஏறுனாத்தாம் மெஷினோட கொணம் தெரியுமாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் தைக்கிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே என் ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தேன். கோளாறு என்னுடையதுதான். ஒவ்வொரு அட்டைக்கும் நொடிக்கு ஒருமுறை ஓடும் டைமர் வைத்திருந்தேன். அட்டையை மூடும்போது அதை நிறுத்த மறந்துவிட்டேன். விருந்தாளி போன பிறகும் அறையில் ஃபேன் சுற்றுகிற கதை. டைமர் விடாததால் அட்டையும் மெமரியில் தங்கிவிடும், நாளுக்கு நானூறு அட்டை. இரண்டு வரியில் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த வருஷம் ஆபீஸில் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாற்பத்தேழு. பயந்தேன். பயத்தைவிடப் பொறாமை அதிகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கண்ணாடி அறையில் நாங்கள் மூன்று பேர். அளக்கிற ஸ்கிரிப்ட்தான் மெமரியைத் தின்கிறது, வேலியே பயிரை மேய்கிறது என்று ஹிந்தியில் நிதானமாக அல்தாப்புக்கு விளக்கினேன். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"அத எடுத்துட்டு ஒரு தடவ அளந்து பாத்தியளா சார்?"

திங்கட்கிழமை அதையே செய்வோம், அவள் கையாலேயே செய்யட்டும் என்றேன். என் பெருந்தன்மையை அல்தாப் பாராட்டினான். கையெழுத்து திங்களுக்குத் தள்ளிப்போனது.

சனிக்கிழமை அவள் ஸ்கிரிப்டை எடுத்தேன். அதே திருத்தத்தில் என் டைமரை நிறுத்தும் இரண்டு வரியையும் சேர்த்தேன். டெஸ்டர்களுக்கு ப்ரோக்ராமைத் திறந்து பார்க்க அனுமதி கிடையாது. அல்தாப்புக்குத் திறந்தாலும் புரியாது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் உட்கார்ந்தாள். மெமரி அளவைக் காட்டும் பிரவுசரின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்து மணிக்கொருமுறை நோட்டில் குறித்தாள். பதினோரு மணிக்கு நூற்றெண்பத்தைந்து. ஒரு மணிக்கும் அதே. மூன்று மணிக்கு மேல் அட்டைகளை வேகவேகமாகத் திறந்து மூடினாள், எப்படியாவது ஏறிவிடாதா என்று. சாப்பிடக்கூட எழுந்துபோகவில்லை. ஆறு மணிக்கு அல்தாப் வந்து கேட்டபோது "நூத்தித் தொண்ணூறு" என்று அவள் வாயாலேயே சொன்னாள். அவன் பேனாவைச் சட்டைப்பையில் திருப்பி வைத்தான்.

பையை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்த எடத்துல தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க சார். அடுத்த எடத்துல பண்ணாம இருப்பேன்."

அளந்த எண்களையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய், அனுப்பிய பிறகு காலிசெய்யாமல் விட்டுவிட்டாய் என்றேன். உண்மையில் ஸ்கிரிப்டின் நான்காவது வரியிலேயே அதைக் காலிசெய்திருந்தாள். அவளுக்கும் அப்படித்தான் நினைவு. மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"நீ அளந்ததுதானே? நீயே பாத்தியோல்லியோ?" என்றேன்.

தலையாட்டினாள். நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

தாணேயிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. எனக்குப் பதவி உயர்ந்தது. எதையும் ஒரு நாள் முழுக்க ரிஃப்ரெஷ் செய்யாமல் ஓட்டிப் பார்ப்பதுதான் இப்போது ஆபீஸ் விதி. அதற்கு வெங்கி டெஸ்ட் என்று பெயர்.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் தையல் மெஷின் சத்தம். காட்கோபரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள். பழைய வேலை ஏன் போயிற்று என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க சொல்லிக் குடுத்தத அப்படியே சொன்னேன் சார். எடுக்கல. மறச்சிருக்கலாம்லான்னு அம்மா ஏசுதா. தப்ப ஒத்துக்கிடணும்லா சார்?"

இரண்டு தடவை கேட்டேன். பிறகு, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று பதில் அனுப்பினேன்.