தீவுக்குப் போகாமல் எழுதிய மூன்று முடிவுகள்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை நான் முதலிலேயே

அந்த வரியை அடித்தாயிற்று. இந்த வீட்டில் "நான்" போட்டுக் கதை எழுதத் தடை இருக்கிறது. போன கதையில் வந்த "நான்" என்பவருடைய மனைவி தினமும் பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நாறடிப்பவள். அது வெளிவந்த வாரம் எழுத்தாளரின் மனைவியிடம் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பால் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து, பையை வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"இனிமே 'நான்'னு எழுதாதீங்க. 'இவர்', 'அவர்'னு யாரையாவது எழுதிக்கோங்க. உங்களுக்கு 'ர்' போட்டா எனக்கும் 'ர்' போடணும்."

ஆகவே இவர். இவர் என்றால் இந்தக் கதையை எழுதுகிறவர். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். சிறுகதைத் தொகுப்புகள் போட்டு, அவற்றில் பெரும்பகுதியைக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பவர். மனைவி பிசியோதெரபிஸ்ட். பகல் முழுக்க அடுத்தவர்களுடைய முட்டியையும் தோளையும் மடக்கி நீட்டுகிறவர்.

பிறப்புக்கு வருவோம். ஒரு பத்திரிகை ஆசிரியர் பயணச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் கேஸை மூடினோமா என்று இரண்டு தடவை திரும்பி வந்து பார்க்கிற ஆசாமியிடம் போய்ப் பயணக் கதை கேட்டார். ஆனால் அந்த வாரம் இவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தீவின் வரைபடம் விரிந்து கிடந்தது. ஒரு மூலையில் உப்பு ஜாடி, ஒரு மூலையில் மனைவியின் மூக்குக் கண்ணாடிக் கூடு. வெப்பமான தீவு, தென்னை, மணல், கடல் கடந்து வந்தவர்கள் கட்டிய கோட்டை, அவர்கள் விட்டுப்போன மாளிகைகள். மனைவிக்கு ஒரு வாரம் லீவு கிடைத்திருந்தது.

போன வருட லீவும் அதற்கு முந்தின வருட லீவும் இதே வரைபடத்தின் மேல், எந்த ஹோட்டல் என்று பேசியே தீர்ந்துபோயின. இந்தத் தடவை மனைவி சத்தம் போடவில்லை. (போட்டிருந்தால் இவர் பயந்திருக்க மாட்டார்.)

"வெள்ளிக்கிழமைக்குள்ள புக் பண்ணுங்க. இல்லேன்னா நான் அக்காவோட போயிடறேன். உங்களுக்கு ஃப்ரிட்ஜ்ல எல்லாம் செஞ்சு வச்சிட்டுத்தான் போவேன், கவலைப்படாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் இவர் டிராவல்ஸ்காரருக்கு மறுபடியும் போன் போட்டார்.

2

முதல் தொடக்கம்: "கோட்டைச் சுவர்மேல் சாயங்கால வெயில் பழைய தங்கத்தைப் போல"

(நிறுத்து. பார்க்காத கோட்டை, பார்க்காத வெயில். பழைய தங்கம் மட்டும் பார்த்தது, அதுவும் அடகுக் கடையில்.)

இரண்டாம் தொடக்கம்: "கப்பலில் வந்திறங்கியவர்கள் அந்தத் தீவில் முதலில் கட்டியது கோட்டை, அடுத்தது கிடங்கு, அதற்கும் அடுத்தது சிறை. எனவே காலனி ஆட்சி என்பது யாதெனில்"

(இது கேள்வித்தாள். மதிப்பெண் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.)

மூன்றாம் தொடக்கம்: "'சார், உங்களுக்கு ரூம் வேணுமா, பாடம் வேணுமா? அதை மொதல்ல சொல்லுங்க' என்றார் டிராவல்ஸ்காரர்."

இது நன்றாக இருக்கிறது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இது இவர் எழுதியதல்ல, டிராவல்ஸ்காரர் நிஜமாகவே சொன்னது.

3

டிராவல்ஸ்காரரைக் கதையில் சேர்ப்பதா வேண்டாமா என்று இவருக்குச் சந்தேகம். அவர் அநியாயத்துக்குப் பொறுமைசாலி. கதையில் அப்படி ஒருவர் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இத்தனை காலம் இவருடைய போனை எடுத்துப் பேசியிருக்கிறார் என்றால் நம்பித்தான் ஆக வேண்டும். அவருடைய கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் நீலக் கடல் படம். அதன்மேல் தண்ணீர் கசிந்து ஒரு பழுப்புக் கறை. கடலுக்கு நடுவே அது பாட்டுக்கு ஒரு தீவு மாதிரி உட்கார்ந்திருக்கும்.

முதல் வருடம் அவர் ஆளுநர் மாளிகையைக் காட்டினார்.

"பழைய கவர்னர் பங்களா சார். அந்தக் காலத்துக் கட்டில், கொசுவலை, நீள வராந்தா. கவர்னர் காபி குடிச்ச அதே நாற்காலியில நீங்களும் உக்காந்து காபி குடிக்கலாம்."

இவர் வீட்டுக்கு வந்து அந்த ஆளுநரைப் பற்றிப் படித்தார். படித்திருக்கக் கூடாது. அந்த மனிதர் வராந்தாவில் காபி குடித்தபடியே, முற்றத்தில் கூலிகளுக்குச் சவுக்கடி கொடுக்கச் சொல்லி வேடிக்கை பார்த்தவர். இவர் மறுநாளே போய், அந்த நாற்காலியில் தன்னால் உட்கார முடியாது என்றார்.

"வேற நாற்காலி போடச் சொல்றேன் சார்."

அடுத்தது துறைமுகத்துச் சர்க்கரைக் கிடங்கு. சர்க்கரை மூட்டைகள் வருவதற்கு முன்னால் அங்கே பூட்டி வைக்கப்பட்டவர்கள் கரும்பு வெட்டக் கொண்டுவந்த மனிதர்கள். இப்போது அதே அறையில் எண்ணெய் மசாஜ். அதற்கடுத்தது நீதிபதி வீடு. தோட்டத்தில் ஒரு பெரிய மரம், கிளையில் ஒரு வலை ஊஞ்சல். ஒரு காலத்தில் அந்தக் கிளையில் தொங்கவிட்டது ஊஞ்சலை அல்ல.

"சார், அதெல்லாம் எப்பவோ போயாச்சு. சுவருக்கு எத்தனை கோட் பெயின்ட் அடிச்சிருக்காங்க தெரியுமா?"

மனைவி மட்டும் கேட்டார்: "அங்கயும் கூடாது, இங்கயும் கூடாதுன்னா அப்போ கடல்லயா தூங்கறது?" இவருக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. எழுதி வைத்துக்கொண்டார்.

(இங்கே வாசகர் இவரை மதிக்க ஆரம்பித்திருந்தால் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும். மனசாட்சி உள்ள மனிதர் என்று இவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பகுதியில் சாயம் வெளுக்கும்.)

4

வியாழக்கிழமை டிராவல்ஸ்காரர் இவரை விட்டுவிட்டு நேராக மனைவிக்கே போன் செய்தார். கெட்டிக்காரர். கடற்கரையில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டியிருக்கிறார்களாம். சாதாரண சிமெண்ட் கட்டடம். அதற்கு முன்னால் அந்த இடத்தில் வெறும் மணல்தான்.

"நல்லா விசாரிச்சுட்டேன்," என்றார் மனைவி. "அங்க யாரையும் அடிக்கலை, யாரையும் பூட்டலை, யாரையும் தொங்கவிடலை. புக் பண்ணிடலாமா?"

இவர் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வெள்ளைச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலி, மணல், தண்ணீர்.

"அங்க ஒண்ணுமே நடக்கலையே," என்றார்.

"அதுக்குத்தானே போறோம்?"

"இல்லம்மா, அங்க போய் என்னத்தை…"

மிச்சத்தை முழுங்கிவிட்டார். முழுங்கியதை மனைவி பார்த்துவிட்டார். வலியை மறைத்துக்கொண்டு "பரவாயில்ல மேடம்" என்பவர்களைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

"என்னத்தை எழுதறது. அதானே?"

இந்தக் கட்டத்தில் ஒரு புத்திசாலி வாயை மூடிக்கொண்டிருப்பான். இவரோ உற்சாகமாகிவிட்டார். எப்படியும் ஒருநாள் சொல்லத்தானே வேண்டும், இப்போதே படித்துக் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது.

"ஒரு கதை ஓடிக்கிட்டிருக்கு. நம்ம தீவைப் பத்தி. முடிவு மட்டும் மூணு எழுதி வச்சிருக்கேன். கேக்கறியா?"

5

(இந்தப் பகுதி மனைவியின் உத்தரவுப்படி நீக்கப்பட்டது. இதில் அவருடைய அக்கா வந்தார். அக்காவைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மை. நீக்கியதற்குக் காரணமும் அதுவே.)

6

மனைவி நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து கேட்டார். இவர் மேடையில் படிப்பதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

முடிவு ஒன்று. ஆளுநர் மாளிகை. அகலமான கட்டிலில் படுத்திருக்கிற மனைவி, தலைமுறை தலைமுறையாக அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிய பெண்களை நினைத்து அழுகிறார்.

முடிவு இரண்டு. கோட்டை. பீரங்கிகள் கடலைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துத் திரும்பியிருப்பதை மனைவி முதலில் கவனிக்கிறார். புரிந்ததும் அழுகிறார்.

முடிவு மூன்று. வெளிநாட்டுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். அங்கே ஒரு கைக்குழந்தையின் கல். யாரை வெறுப்பது என்று தெரியாமல் மனைவி அழுகிறார். (இதில் லேசாக மழை வேறு.)

படித்து முடித்து இவர் நிமிர்ந்தார். பாராட்டு வந்தால் போட்டுக்கொள்ள அடக்கமான ஒரு முகத்தைத் தயாராக வைத்திருந்தார்.

"மூணுலயும் நான் அழறேன்," என்றார் மனைவி.

"அது வந்து, ஒரு உணர்ச்சி…"

"லீவுக்குப் போறவ எதுக்குங்க அழணும்? அழறதுன்னா வீட்டுலயே அழலாமே. எதுக்கு விமான டிக்கெட்?"

இவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"இந்த மேசையில உக்காந்து நான் பேசினதெல்லாம் இதுல இருக்கு. கடல்லயா தூங்கறதுன்னு கேட்டது இருக்கு. கொசுவலை பத்திச் சொன்னதுகூட இருக்கு. நான் எதுக்கு அங்க போகணும்னு சொன்னேனே, அது எங்க?"

இவர் தாள்களைப் புரட்டினார். முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை.

"நீ என்ன சொன்னே?"

இந்த இடத்தில் எழுத்தாளர்கள் வழக்கமாக "நீண்ட மௌனம்" என்று போடுவார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"ஆஸ்பத்திரியில ஒரு தண்ணித் தொட்டி இருக்கு. இடுப்பளவு தண்ணி. முதுகு ஆபரேஷன் பண்ணவங்களை அதுல மல்லாக்க மிதக்க வைப்போம். மொதல்ல எல்லாரும் பயந்து விறைச்சுக்குவாங்க. நான் பக்கத்துல நின்னு தலையைப் பிடிச்சுக்குவேன். கொஞ்சம் கொஞ்சமா கழுத்து தளரும். அப்போ அவங்க மூஞ்சியைப் பார்க்கணும் நீங்க. இத்தனை வருஷமா பிடிச்சுக்கிட்டிருக்கேன். நான் ஒரு தடவைகூட மிதந்ததில்லை. என் தலையை யாரு பிடிச்சுக்குவா? அந்தத் தீவுல கடல் ஆழமே இல்லாம வெதுவெதுன்னு இருக்குமாம். நீங்க பிடிச்சுக்கிட்டா நான் மிதப்பேன்னு சொன்னேன். மொத வருஷமே சொன்னேன். நீங்க அப்போ கவர்னரைப் படிச்சுக்கிட்டிருந்தீங்க."

இவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே, அடடா, என்ன ஒரு முடிவு என்றும் தோன்றியது. இதை மறைத்து எழுதினால் கதை பொய்யாகிவிடும்: கை தானாகப் போய்ப் பேனாவை எடுத்தது.

"கீழ வைங்க."

வைத்தார்.

"நான் லீவு பத்திப் பேசிக்கிட்டிருந்திருக்கேன். நீங்க கதை பத்திப் பேசிக்கிட்டிருந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்து போனார். கதவைச் சாத்தினார், அடித்துச் சாத்தவில்லை. எழுதுவதற்கு வசதியாக அடித்துச் சாத்தியிருக்கலாம்.

7

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, கைகழுவித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மணல் ஹோட்டல்லயே போட்டாச்சு. ரெண்டு சீட்டு. ஒரு நாள் காலையில அந்தச் சர்க்கரைக் கிடங்குக்குப் போய் நின்னுட்டு வரலாம், மசாஜ் இல்லாம. அந்த ஜனங்களுக்காக நீங்க வருத்தப்படறது பொய்யில்லை, எனக்குத் தெரியும். ஆனா நான் தண்ணியில இருக்கிறதை நீங்க எழுதக்கூடாது. இப்பவும் எழுதக்கூடாது, வந்தப்புறமும் எழுதக்கூடாது. அது எனக்கு. முடியாதுன்னா சொல்லிடுங்க, உங்க சீட்டை அக்கா பேருக்கு மாத்தணும்."

"அப்போ கதைக்கு முடிவு?"

கேட்டுவிட்டார். கேட்ட வாயை இவரே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"முடிவு வேணுமா, சீட்டு வேணுமா?"

"சீட்டு," என்றார். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ என்று இவருக்கே பயமாக இருக்கிறது.

மறுநாள் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"கதை வந்துச்சு. முடிவைக் காணோமே?"

"முடிவு கிடையாது சார்."

"ஓ, நவீனமா?"

"இல்ல சார். வீட்டு நிலவரம்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: "திறந்த முடிவு என்பது வாசகனுக்கு எழுத்தாளன் அளிக்கும் சுதந்திரம்" என்று இவர் முன்பொரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அப்படி முடித்த மற்ற எழுத்தாளர்களுக்கெல்லாம் வீட்டில் யார் என்ன சொன்னார்களோ, அப்போது விசாரிக்கத் தோன்றவில்லை.)

8

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை. சொல்லிக் கொடுக்காமல் கடலில் இறங்கினால் இவருக்குத் தலையைப் பிடிக்கத் தெரியாது என்பதில் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசைமேல் ஒரு போர்வையை விரித்து, தலை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி ஏறிப் படுத்துக்கொண்டார். மேசையும் இடுப்பு உயரம்தான்.

"கழுத்துக்கு அடியில இல்லைங்க. பின்மண்டைக்கு அடியில. ரெண்டு கையையும் குவிச்சு வைங்க. விரலைக் குத்தாதீங்க, விரிங்க."

விரித்தார். கையில் ஒன்றுமே கனக்கவில்லை. மனைவி கழுத்தை விறைத்துத் தலையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடேன்," என்றார் இவர்.

"விடறேன், இருங்க. நீங்க கீழ போடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். கழுத்துக்கு இன்னும் தெரியலை."

இவர் காத்திருந்தார். இத்தனை வருடத்தில் மனைவியின் முகத்தைத் தலைகீழாக, இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு. எப்படி வந்தது என்று கேட்டதே இல்லை.

கண்ணை மூடியபடியே மனைவி சொன்னார்: "எழுதறீங்க."

"இல்லம்மா."

"விரல் ஆடுது."

இவர் விரலை நிறுத்தினார். மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த வாக்கியத்தையும் நிறுத்தினார். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. அப்புறம், முதலில் ஒரு பக்கமாக, பிறகு முழுசாக, தலையின் கனம் கைக்குள் இறங்கியது. ஒரு தலை இவ்வளவு கனக்கும் என்று இவருக்குத் தெரியாது. மனைவியின் முகம் அப்போது

தண்ணீரைப் பற்றித்தான் எழுதக்கூடாது என்றார், மேசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று வாதாட இடமிருக்கிறது. இவர் வாதாடப் போவதில்லை. அந்த முகம் எப்படி ஆயிற்று என்று தெரிய வேண்டுமென்றால், புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் யாருடைய தலையையாவது பிடித்துப் பாருங்கள். இவரிடம் கேட்டுப் பயனில்லை. இவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறது.